முன்னால் உம், பின்னால் பா

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உன் தம்பியும் கைகால் சுகத்தோடு நன்றாக இருக்கிறோம். இந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டு அப்புறம் கீழே வா. கடிதத்தைப் பிரித்ததும் நடுவில் கண்ணை ஓட்டி, சண்டை எங்கே, தம்பி எங்கே என்று தேடி, பாதியிலேயே அழ ஆரம்பிக்கிறவள் நீ, உன் குணம் எனக்குத் தெரியாதா. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். உன் இருமல் விட்டதா இல்லையா, அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே நீ, பக்கம் பக்கமாகத் தம்பியைப் பற்றியே கேட்டிருக்கிறாய். அவனை எப்படியாவது உன்னிடம் அனுப்பிவிடச் சொல்லி எழுதியிருக்கிறாய். பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டவனைச் சண்டை மூண்ட பிறகு எப்படி அம்மாடி அனுப்புவது, அவன் என்ன பழைய துணியா, மூட்டை கட்டித் தபாலில் போட? அனுப்பினாலும் அவன் வரமாட்டான், அதுவும் உனக்குத் தெரியும். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சிரிப்பாய்ச் சிரித்ததையும் சொல்கிறேன், வயிற்றில் புளியைக் கரைத்ததையும் சொல்கிறேன், ஒன்றையும் ஒளிக்கமாட்டேன். பொறுமையாகப் படி.

நம் முகாமில் இருக்கிற டிவிஷனில் மூன்று பிரிகேட் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். மூன்றாவது பிரிகேட் என்றால் ஒரு கதவு, அதன் மேல் ஒரு பலகை, உள்ளே ஒரு கர்னல், ஒரு குமாஸ்தா, ஒரு பூனை. சண்டை இல்லாத காலத்தில் அவ்வளவுதான் வைத்திருப்பார்களாம், சண்டை வந்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்று. சண்டை வந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்களோ இல்லையோ, மறுநாளே நிரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். எப்படி நிரப்பினார்கள் என்கிறாய்? முதல் இரண்டு பிரிகேடில் இருக்கும் பட்டாலியன் ஒவ்வொன்றும் தன் நான்கு கம்பெனியில் ஒன்றை, அதுவும் நன்றாகப் பழகிய கம்பெனியை, அப்படியே பெயர்த்து மூன்றாவதற்குக் கொடுக்க வேண்டும். எந்த மனிதன் நல்லதைத் தூக்கிக் கொடுப்பான் சொல்லு. ஒரு பட்டாலியன்காரர் சமையல்காரர்களை மட்டும் கமுக்கமாக ஒளித்து வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கொடுத்தாராம். இன்னொருத்தர் கால்பந்து ஆடுகிற பையன்கள் அத்தனை பேருக்கும் திடீர் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டாராம். ஜெனரல் போட்ட சத்தத்தில் வயிற்றுவலியெல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது. சரி, கொடுத்துவிட்டார்கள், கொடுத்த இடத்தில் ஓட்டை விழுமே, அதை எதை வைத்து அடைப்பது? முன்பு பட்டாளத்தில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு அடைத்தார்கள். நம் தெருத் தபால்காரர் வந்தார், மூலைக்கடை ரொட்டிக்காரர் வந்தார், உன் கணக்கு வாத்தியார் வந்தார். வாத்தியார் இன்னும் அப்படியேதான் இருக்கிறார், வரிசையில் நிற்கும்போதும் பக்கத்தில் இருப்பவனைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். ரொட்டிக்காரருக்குப் பழைய கால்சட்டை தொடைக்கு மேலே ஏறவில்லை.

ஏறாத கால்சட்டை எல்லாம் எங்கே வரும், என் தையல் கொட்டகைக்குத்தான் வரும். எங்கள் ஐந்து மிஷினும் காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஓய்வில்லாமல் ஓடின. இடுப்பு விட்டுத் தைப்பது ஒரு பக்கம், தோள் துணி இன்னொரு பக்கம். முதல் பிரிகேடுக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்கு மஞ்சள். மஞ்சள் துணி எத்தனையோ காலமாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, எடுத்து உதறினால் அந்துப்பூச்சிக்குத்தான் முதலில் பதவி உயர்வு கொடுத்திருக்க வேண்டும் போலிருந்தது. பையன்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு வரிசையாக நிற்பார்கள். சிவப்பைப் பிரி, மஞ்சளை வை. ஒருத்தன் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போனான், அங்கே ஆள் அதிகம் என்று நீலத்துக்குப் போனான், நீலத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறான் என்று மறுபடி சிவப்புக்கே வந்தான். ‘ஏம்ப்பா, நீயே ஒரு முடிவு பண்ணிட்டு வாயேன், என் விரல் தேயுது’ என்றேன். ‘நான் எங்கம்மா முடிவு பண்றேன், காலைல எந்திரிச்சா நான் யாருன்னே எனக்குத் தெரியல’ என்கிறான். எல்லாம் தைத்து முடித்து நிமிர்ந்தால் புது உத்தரவு வருகிறது, பளிச்சென்ற கலரெல்லாம் எதிரிக்குத் தெரியுமாம், பிரித்துவிட்டு மண் கலரில் தைக்க வேண்டுமாம். உத்தரவு கொண்டுவந்த ஆபீசரிடம் நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன், நீ கல்யாணமான பெண்தான், இருந்தாலும் எழுதமாட்டேன்.

வெளியே பார்த்தால் இன்னும் அல்லோலகல்லோலம். சுமை இழுத்த கழுதைகளையும் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டு, அதற்குப் பதில் ஊரில் இருந்த லாரிகளையெல்லாம் வாங்கி வந்து விளையாட்டு மைதானத்தில் நிறுத்திவிட்டார்கள். மேலே பச்சை வர்ணம் அடித்தும் அடியில் இருந்த எழுத்து மறையவில்லை. பீரங்கிக் குண்டு ஏற்றுகிற லாரியின் பக்கவாட்டில் ‘மெத்தென்ற மெத்தைகள், நிம்மதியான உறக்கம்’ என்று நன்றாகப் படிக்க முடிகிறது. பயிற்சிப் பள்ளியை மூடி அங்கே சொல்லிக்கொடுத்தவர்களை எல்லாம் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். தோட்டக்காரர்களைப் பள்ளம் தோண்ட வைத்தார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பவர்களை லாரிக்கு வர்ணம் அடிக்க வைத்தார்கள். அழகுக்கென்று வைத்திருந்தது எதுவானாலும் சண்டைக்கு வேறு வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்படியே பேண்டுக்கும் வந்தது. சண்டைக் காலத்தில் பேண்ட்காரர்கள் வாத்தியத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும், அடிபட்டவர்களை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இது ரொம்ப நாள் வழக்கம்தான், உன் அப்பாவுக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் பெரிய டிரம்மைக் கொண்டுவந்து என் கொட்டகை மூலையில் வைத்துத் துணி போர்த்தியபோது, ‘மேல எதையும் அடுக்கிடாத’ என்று என்னிடம் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டார்.

உன் அப்பா பேண்ட் மாஸ்டராக இருந்த அழகு உனக்குத் தெரியாததா. உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது கூட, கால் தப்பு, கால் தப்பு என்று உயிரை வாங்குவாரே. கல்யாணத்தன்றே என்னிடம் முதலில் சொன்ன வார்த்தை, ‘இடது காலை முதல்ல வைம்மா’ என்பதுதான். வீட்டுக்குள் நாம் மூன்று பேர் வரிசையாகத் தட்டு எடுத்துக்கொண்டு போனால் கூட அவருக்குக் கால் ஒன்றாக விழ வேண்டும். அவர் பேண்ட் பையன்களும் அப்படியே. தூங்குகிறபோது எழுப்பி நடக்கவிட்டாலும் இடது காலில்தான் ஆரம்பிப்பார்கள். உன் தம்பி, நம் சின்னவன் கூட, உன்னிடம் எத்தனை குறை சொல்லியிருப்பான் அப்பாவைப் பற்றி, எனக்கு ஒரு பாட்டு கூட முழுசாய் ஊதக் கொடுப்பதில்லை, கடைசி வரிசையில் ஹார்னைக் கொடுத்து வருஷக் கணக்காய் ‘பா, பா’ என்றே ஊத விடுகிறார் என்று. டிரம்மும் பெரிய குழலும் ‘உம்’ என்று போடும், ஹார்ன்காரர்கள் இடைவெளியில் ‘பா’ என்று போடுவார்கள், அதுதான் அவன் வேலை. சொந்தப் பையனுக்கு நல்ல இடம் கொடுத்தால் நாலு பேர் பேசுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். அந்த ‘பா’வைப் பற்றி இப்போது ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

மருத்துவக் கம்பெனிக்கு ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார், மேஜர். ஒல்லியாக, உரக்கப் பேசாமல், சொன்னதை இரண்டாம் தரம் சொல்லாமல் இருக்கிற மனுஷி. முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்து, ‘தூக்குறது பெரிய விஷயமில்ல. முன்னாடி பிடிக்கிறவர் காலும் பின்னாடி பிடிக்கிறவர் காலும் ஒண்ணா விழக்கூடாது. ஒண்ணா விழுந்தா ஸ்ட்ரெச்சர் ஊஞ்சல் மாதிரி ஆடும். உடைஞ்ச எலும்போட படுத்திருக்கறவனுக்கு அந்த ஆட்டம் போதும், உயிர் போயிடும்’ என்று சொல்லிவிட்டு, ஸ்டோர் பார்க்கிற குண்டு மனிதரைப் படுக்க வைத்து, மார்மேல் நிறைய டீ ஊற்றிய டம்ளர் ஒன்றை வைத்தார். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். புதிதாக வந்த ரொட்டிக்காரரும் தபால்காரரும் சும்மா மூட்டை தூக்குகிற மாதிரி கோணல்மாணலாக நடந்து போய்ச் சேர்ந்தார்கள், டம்ளரில் முக்கால்வாசி டீ இருந்தது. பேண்ட் பையன்கள் தூக்கினார்கள். ஆரம்பத்தில் கால் மாற்றித்தான் வைத்தார்கள். நாலு எட்டு போனதும் பின்னால் இருந்தவன் கால் தன்னால் ஒரு சின்னக் குதி குதித்து முன்னால் இருப்பவன் காலோடு சேர்ந்துகொண்டது. அப்புறம் என்ன, இடது வலது, இடது வலது, அணிவகுப்பு மாதிரி கம்பீரமாகப் போனார்கள், ஸ்டோர்காரர் தொட்டில் பிள்ளை மாதிரி ஆடிக்கொண்டே போனார், டீ முழுக்க அவர் கழுத்துக்குள். ஒரு ஜோடி இல்லை, எல்லா ஜோடியும் அப்படியேதான். வேண்டுமென்று செய்யவில்லை பாவம், அந்தக் கால்களுக்கு வேறு எதுவும் தெரியாது.

டாக்டரம்மா திட்டவில்லை. வாரக் கடைசியில் மறுபடி பார்ப்பேன், அப்போதும் இப்படித்தான் என்றால் உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, டிவிஷனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றாராம். திருப்பிக் கொடுத்தால் எங்கே போவார்கள்? முதல் பிரிகேடுதான் முதலில் கிளம்புகிறது, அங்கேதான் ஒவ்வொரு பட்டாலியனிலும் ஒரு கம்பெனியைப் பெயர்த்த ஓட்டை இன்னும் முழுசாக அடைபடாமல் இருக்கிறது. பேண்டைக் கலைத்து ஆளுக்கு ஒரு துப்பாக்கியைக் கொடுத்து அந்த ஓட்டையில் போட்டுவிடுவார்கள். இதை உன் அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நம் சின்னவன் கண்ணாடியைக் கழற்றினால் கதவு எது, நான் எது என்று தெரியாமல் கதவிடம் தண்ணீர் கேட்கிறவன். அவனை முன்வரிசையில் துப்பாக்கியோடு நிறுத்தினால்? ஸ்ட்ரெச்சர் தூக்குவதும் ஆபத்துதான், குண்டு விழுகிற இடத்துக்குத்தான் போக வேண்டும், நான் ஒன்றும் குழந்தை இல்லை, தெரியும். ஆனால் அங்கே போனால் யாரையும் கொல்லப் போகமாட்டான், தூக்கிக்கொண்டு வரப் போவான், பக்கத்தில் அவன் அப்பா இருப்பார். எனக்கு வேண்டியது அந்த இரண்டே இரண்டுதான் என்று அன்றைக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் அவர்கள் செய்த கூத்து இருக்கிறதே, கேள். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நடந்து பார்த்தார்கள், சத்தம் கேட்டால்தானே கால் சேரும் என்று. சேர்ந்தது. ஒருத்தன் ஷூவுக்குள் கூழாங்கல்லைப் போட்டார்கள், நொண்டினால் கால் மாறும் என்று. அவன் நொண்டினான், பின்னால் இருந்தவனும் கூடவே அதே தாளத்தில் நொண்டினான். ஒருத்தன் கதை சொல்லிக்கொண்டு நடக்க வேண்டும், இன்னொருத்தன் பெருக்கல் வாய்ப்பாடு சொல்ல வேண்டும் என்று கணக்கு வாத்தியார் யோசனை சொன்னார், கடைசியில் இரண்டு பேரும் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு ஒரே காலாகப் போனார்கள். ஆயுசு முழுக்கக் கால் தப்பக்கூடாது என்று தொண்டை கிழியக் கத்தின மனிதர் இப்போது மைதானத்தில் நின்று, ‘தப்பு வைங்கடா, தப்பா வைங்கடா’ என்று கத்துகிறார், வேலி ஓரம் நின்று பார்க்கிற எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்து, ‘நானே இவங்களைக் கெடுத்துட்டேன் போலிருக்கு’ என்று உட்கார்ந்துவிட்டார். நான் சும்மா இருப்பேனா, ஒழுங்காக நடக்கச் சொல்லிக்கொடுத்ததற்கு யாராவது அழுவார்களா, எழுந்திரிங்கள், என்னைத் தூக்குங்கள் என்றேன்.

ஆமாம் அம்மாடி, உன் அம்மாவைத்தான். பின்கட்டு முற்றத்தில் ஸ்ட்ரெச்சரைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். கல்யாணத்துக்கு முன் எவ்வளவு இருந்தேனோ அதில் பாதி இப்போது கூடியிருக்கிறேன், அதை உன் அப்பா முதல் எட்டிலேயே வாய்விட்டுச் சொன்னார், நானும் படுத்தபடியே பதில் சொன்னேன். வயிற்றின் மேல் தண்ணீர் டம்ளர். முன்னால் அப்பா, பின்னால் சின்னவன். துணி காயப்போடுகிற கொடியிலிருந்து கிணற்றடி வரை. ஒவ்வொரு தடவையும் அதே கதைதான், என் வயிறு குலுங்கி, டம்ளர் கவிழ்ந்து, புடவை நனைந்து, எனக்கு மயக்கமே வந்துவிட்டது. படுத்திருக்கிறவளுக்குத்தான் தெரியும், கால் சேர்ந்து விழும்போது உள்ளே குடல் எப்படிப் புரளும் என்று. போதும், என்னை இறக்கிவிடுங்கள் என்றேன். இறக்கினார்கள். நான் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தேன். அப்பா வழக்கம் போலத் தனக்குத் தெரியாமல் அந்தப் பழைய அணிவகுப்புப் பாட்டை உம், உம் என்று தொண்டைக்குள் முனகிக்கொண்டிருந்தார். சின்னவன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே, அவனும் தனக்குத் தெரியாமல், இடையில் பா, பா என்று போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கூடப் போடாமல் ஓடி வந்து என்னை, என்னைத்தான், அப்பா என்று கூப்பிட்டான். ‘அப்பா, நீங்க உம்முக்குக் கால் வைங்க. நான் பாவுக்கு வைக்கிறேன். வாயால இத்தனை வருஷமா பண்றதைக் காலால பண்ணா என்ன?’

அப்பா ஸ்ட்ரெச்சரை நேராக்கிப் போட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, ‘படு’ என்றார். படுத்தேன். உம் என்று முன்னால் கால் விழுந்தது, பா என்று பின்னால் விழுந்தது. உம், பா, உம், பா. இரண்டும் சேரவே இல்லை, சேரவும் சேராது, ஏனென்றால் ‘உம்’மில் போய் ‘பா’ ஊதினால் அவன் வாத்தியக்காரனே இல்லை. கொடியிலிருந்து கிணற்றடிக்குப் போனேன், கிணற்றடியிலிருந்து கொடிக்கு வந்தேன். தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை, எனக்குத் தூக்கமே வந்தது. இறக்கிவிடச் சொல்லவில்லை நான், இன்னொரு தடவை போங்கள் என்றேன். உன் அப்பா ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்துவிட்டுச் சின்னவன் தலையைப் பிடித்து ஆட்டினார். ‘உனக்கு நான் பாட்டு குடுத்திருந்தா இது உன் புத்திக்குத் தோணியிருக்காதுடா’ என்றார். அதற்கு அவன், ‘சமாளிக்காதீங்கப்பா’ என்றான்.

மறுநாள் பேண்ட் முழுவதையும் உடைத்து மறுபடி அடுக்கினார். வாத்தியக் கச்சேரிக்கு ஆளை வைக்கிற மாதிரியே, ஒவ்வொரு ஸ்ட்ரெச்சருக்கும் முன்னால் ஒரு ‘உம்’ ஆள், பின்னால் ஒரு ‘பா’ ஆள். டிரம்காரர்களும் பெரிய குழல்காரர்களும் முன்னால், ஹார்ன்காரர்கள் பின்னால். பாட்டு ஊதுகிற கிளாரினெட்காரர்களுக்கு இரண்டும் தெரியாது, அவர்களை நடுவில் பை தூக்க வைத்தார், அவர்களுக்கு அதில் ரொம்ப ரோஷம். இத்தனை காலம் எங்களைக் கடைசி வரிசையில் வைத்தீர்களே என்று ஹார்ன்காரர்களுக்கு வாயெல்லாம் பல். வாரக் கடைசியில் டாக்டரம்மா வந்தார், ஸ்டோர்காரர் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து படுத்தார். தொண்டைக்குள் உம் பா, உம் பா என்று முனகிக்கொண்டு தூக்கினார்கள். மைதானத்தின் பாதி தூரம் போனதும் டம்ளரில் டீ அப்படியே இருப்பதைப் பார்த்த ஸ்டோர்காரர் படுத்தபடியே அதை எடுத்துக் குடித்துவிட்டார். டாக்டரம்மா காலி டம்ளரை வாங்கிப் பார்த்தார், ஸ்டோர்காரர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார், உலர்ந்திருந்தது. அந்த அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று அப்பா சொன்னார். பேண்ட் கலையவில்லை, அப்படியே மருத்துவக் கம்பெனிக்குப் போனது, சின்னவனும் அதில்தான். அன்று சாயங்காலம் நம் வீட்டு வாசலில் பாத்திரத்தைத் தட்டி ஆடினார்கள், என் சூப் பானை அதில் நசுங்கிவிட்டது, போனால் போகட்டும்.

இப்போது நான் சொல்லப்போவதைப் பதறாமல் படி. நான் கேட்ட இரண்டில் ஒன்றுதான் கிடைத்தது. மூன்று பிரிகேடிலும் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள் எல்லோரும் இதைப் பழக வேண்டும் என்று டிவிஷனிலிருந்து உத்தரவு வந்தது, பின்னால் வரப்போகிற புது ஆட்களுக்கும் பழக்க வேண்டும், பழக்க ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அதனால் பேண்ட் மாஸ்டர் முகாமிலேயே இருக்க வேண்டும், பையன்கள் முதல் பிரிகேடோடு போக வேண்டும். உன் அப்பா குதியாய்க் குதித்தார், டாக்டரம்மாவிடம் போய் நின்று வாதாடினார், நான் அவனுக்கு முன்னால் பிடிக்கிற ஆள், என்னை விட்டுவிட்டு எப்படிப் போவான் என்று. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘நீங்க போனா ஒரு ஸ்ட்ரெச்சர் ஆடாம வரும் மாஸ்டர். இங்க இருந்தா நூறு ஸ்ட்ரெச்சர் ஆடாம வரும். எனக்கு நூறு வேணும்’ என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் நடந்ததை என்னிடம் சொன்னார். அன்றைக்கு நான் அழுதேன், மறைக்கவில்லை, நன்றாகவே அழுதேன். சின்னவன்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘அம்மா, பெரிய டிரம்காரர் எனக்கு முன்னாடி பிடிக்கிறார், அப்பாவை விட ஒழுங்கா உம் போடுவார்’ என்று அப்பா காதில் விழுகிற மாதிரி சொன்னான். அப்பா, ‘போடா’ என்றார். அதோடு அழுகை சிரிப்பாகிவிட்டது.

கிளம்புகிற அன்று ரயிலடியில் கூட்டம். முதல் பிரிகேடு பிளாட்பாரத்தில் அணியாக நடந்து வந்தது, கம்பெனி கம்பெனியாக, ஒரே காலாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியாக நம் பையன்கள் வந்தார்கள், ஸ்ட்ரெச்சர்களில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, ஒருத்தன் கால் கூட இன்னொருத்தன் காலோடு சேராமல். ஜனங்களுக்கு விஷயம் தெரியாது, பேண்ட்காரர்களே கால் தப்பி வருகிறார்களே என்று ஒருத்தர் பக்கத்தில் நின்று சிரித்தார். உன் அப்பா அவர் பக்கம் திரும்பி, ‘அது என் பேண்டுங்க’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவரை எத்தனையோ அணிவகுப்பில் பார்த்திருக்கிறேன், இவ்வளவு பெருமையாக நான் பார்த்ததில்லை. சின்னவன் எங்களைத் தாண்டும்போது கை இரண்டும் ஸ்ட்ரெச்சரில் இருந்ததால் கையாட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். மூக்கில் கண்ணாடி இறங்கியிருந்தது, ஏற்றிவிட எனக்குக் கை துறுதுறு என்றது.

இன்று காலையில்தான் அவனிடமிருந்து ஓர் அட்டை வந்தது, அதனால்தான் இன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டே வரி, உன்னை மாதிரி அவனுக்கு எழுதப் பொறுமை ஏது. ‘அம்மா, நேத்து முதல் ஆளைத் தூக்கினோம், கால்ல அடி, மேடு பள்ளமான வழி. வண்டி வரைக்கும் தூங்கிக்கிட்டே வந்தான்னு அப்பாகிட்ட சொல்லு’ என்று எழுதியிருக்கிறான். அப்பா அட்டையை வாங்கிப் படித்தார், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி படித்தார். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரலாம் வா என்று என்னைக் கூப்பிட்டார். திரும்பி வரும்போது உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்து பை கனத்தது, ஒரு காதை அவரும் ஒரு காதை நானும் பிடித்துக்கொண்டு, தெரு குறுகல் என்பதால் முன்னும் பின்னுமாக வந்தோம். வழி முழுக்க அவர் உம் என்று முனகுவார், கொஞ்சம் நிறுத்துவார், மறுபடி உம் என்பார். அந்த நிறுத்தத்தில் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது. ரொட்டிக்கடை தாண்டினதும் நானே பின்னாலிருந்து பா என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பையின் காதை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் கால் தப்பு என்று திட்டு வாங்கின நான், வீடு வரைக்கும் சரியாகப் போட்டேன். முட்டை ஒன்று கூட உடையவில்லை.

கடிதம் நீண்டுவிட்டது, கை வலிக்கிறது. நீ தம்பிக்கு எழுதும்போது அழுகையை எல்லாம் எழுதி அனுப்பாதே, உன் வீட்டு வேடிக்கையை எழுது, படித்து நாலு பேருக்குச் சொல்லிச் சிரிப்பான். முக்கியமானது, அவன் கண்ணாடி அளவை இதோடு தனித் துண்டில் வைத்திருக்கிறேன், அங்கே நல்லதாக இன்னொரு ஜோடி செய்து, காதில் மாட்டிக்கொள்ளக் கயிறும் வைத்து அனுப்பு, மறந்துவிடாதே, மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. இருமலுக்கு வெந்நீர் குடி. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், நாம் நாலு பேரும் மாப்பிள்ளையும் சீக்கிரமே ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அன்றைக்கு யார் எந்தக் காலை வைத்து உள்ளே வந்தாலும் உன் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருடைய ஆசீர்வாதமும் என் முத்தமும்.

இப்படிக்கு,
பையின் பின்காதைப் பிடித்திருக்கும்
உன் அம்மா